பழைய கலிபோர்னியா சிவப்பு ஒயின்: வாங்குவது, காப்பது, திறப்பது

2022 செப்டம்பர் முதல் வாரத்தில் லிவர்மோரில் வெயில் 116 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தொட்டது. அந்த வாரம் என் வீட்டுக் கார் கொட்டகையில் பதினான்கு பாட்டில் கேபர்னே சாவிஞான் சிவப்பு ஒயின் படுத்திருந்தன. ஆறு ஆண்டுகள் ஒவ்வொன்றாகச் சேர்த்தவை. கொட்டகைக்குள் வெயில் படாது, அது போதும் என்று நம்பியிருந்தேன். வெயில் தணிந்த பிறகு போய்ப் பார்த்தபோது நான்கு பாட்டில்களில் தக்கை தன் மேலுறையை முட்டிக்கொண்டு வெளியே வந்திருந்தது. இரண்டில் ஒயின் கழுத்து வழியாகக் கசிந்து காய்ந்து விரலில் ஒட்டியது. ஒன்றைத் திறந்தேன். பழ மணம் எதுவும் இல்லை. அடிப்பிடித்த ஜாமின் வாடைதான் வந்தது. மீதியையும் அடுத்த சில மாதங்களில் திறந்து பார்த்தேன். மூன்று மட்டுமே குடிக்கும்படி இருந்தன.

அதற்குப் பிறகுதான் இந்த விஷயத்தை ஒழுங்காகக் கற்றுக்கொண்டேன். புதிதாக ஆர்வம் வந்து, கலிபோர்னியாவில் இருந்துகொண்டு, பத்து இருபது ஆண்டுகள் வைத்துக் குடிக்க வேண்டும் என்று நினைப்பவர்கள் அதே இழப்பைச் சந்திக்கக் கூடாது என்பதற்காக இதை எழுதுகிறேன். பழைய ஒயினுக்கு நீங்கள் கொடுக்கும் பணத்தில் பெரும்பங்கு அது இத்தனை ஆண்டுகள் எங்கே இருந்தது என்பதற்கே போகிறது. கீழே உள்ள எல்லாப் படிகளும் இந்த ஒன்றைச் சுற்றியே இருக்கும்.

1. வைக்கத் தகுந்ததை மட்டும் வையுங்கள்

கடையில் கிடைக்கும் பெரும்பாலான ஒயின் இரண்டு மூன்று ஆண்டுகளுக்குள் குடித்துவிடுவதற்காகச் செய்யப்பட்டது. அதைப் பதினைந்து ஆண்டுகள் வைத்தால் மெலிந்து போகுமே தவிர மேம்படாது. நெடுநாள் தாங்குவதற்கு இரண்டு வேண்டும்: துவர்ப்பு, புளிப்பு. கடுக்காயைக் கடித்தால் நாக்கைப் பிடிக்குமே, அந்தத் துவர்ப்புத்தான் ஒயின்காரர்கள் டானின் என்று சொல்வது. ஆண்டுகள் போகப் போக அது ஒன்றோடொன்று சேர்ந்து கசடாக அடியில் படியும், ஒயின் மென்மையாகும்.

மலைச்சரிவுத் தோட்டத்துக் கேபர்னேயில் இவை இரண்டும் பெரும்பாலும் நிறைவாக இருக்கும். நாபாவில் ஹவல் மவுண்டன், மவுண்ட் வீடர், ஸ்பிரிங் மவுண்டன், டயமண்ட் மவுண்டன். தெற்கே சாண்டா குரூஸ் மலைகள். பெயர் தெரிந்து தொடங்க விரும்பினால் ரிட்ஜ், மவுண்ட் ஈடன், மயகாமாஸ், டன், டயமண்ட் கிரீக் ஆகிய ஒயின் ஆலைகளைப் பாருங்கள். சமவெளியிலும் கோரிசன் போன்ற ஆலைகள் நெடுநாள் தாங்கும் ஒயினைச் செய்கின்றன. ரிட்ஜின் மான்டே பெல்லோ என்ற ஒயின் ஒரு பாட்டில் இப்போது 250 டாலருக்கு மேல். அதே ஆலையின் ஜின்ஃபண்டல் திராட்சைக் கலவைகளான கெய்சர்வில், லிட்டன் ஸ்பிரிங்ஸ் இரண்டும் அதில் ஒரு சிறு பங்கு விலைக்குக் கிடைக்கும். பத்து ஆண்டுகளைத் தாராளமாகத் தாங்கும். புதியவர்களுக்கு நான் முதலில் சொல்வது இவற்றைத்தான். தவறு நேர்ந்தாலும் மனம் உடையாது.

லேபிளைப் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள். ஒரு திராட்சை வகையின் பெயர் போட்டிருந்தால் அந்த வகை குறைந்தது 75 சதவீதம் இருக்க வேண்டும். நாபா வேலி போன்ற வட்டாரப் பெயர் இருந்தால் 85 சதவீதத் திராட்சை அங்கிருந்து வந்திருக்க வேண்டும்; அதோடு ஆண்டும் போட்டிருந்தால் 95 சதவீதம் அந்த ஆண்டின் அறுவடை. 'ரிசர்வ்' என்ற சொல்லுக்கு அமெரிக்கச் சட்டத்தில் எந்தப் பொருளும் இல்லை. அதற்காகக் கூடுதல் விலை கொடுக்காதீர்கள். ஆல்கஹால் அளவையும் பாருங்கள். எண்பதுகளில் 13 சதவீதம் அளவில் இருந்த நாபா கேபர்னே இப்போது 14.5, 15 என்று வருகிறது. லேபிளில் உள்ள எண்ணும் தோராயமானதுதான்: 14 சதவீதத்துக்கு மேல் போனால் ஒரு சதவீதம் கூடவோ குறையவோ இருக்கச் சட்டம் விடுகிறது. 15-ஐத் தாண்டியதை நான் நெடுநாளுக்கு வைப்பதில்லை.

ஆண்டுகளில் 1991, 1994, 2001, 2013, 2016 ஆகியவை நாபா கேபர்னேக்கு நல்லவை. 2011 குளிரும் மழையுமாகப் போன ஆண்டு. வெளியானபோது பலர் ஒதுக்கினார்கள். நல்ல ஆலைகளின் 2011 இன்று மென்மையாக, குறைந்த விலையில் கிடைப்பதுண்டு. 2020-ல் காட்டுத்தீப் புகை திராட்சையில் ஏறியதால் பல ஆலைகள் அந்த ஆண்டுச் சிவப்பு ஒயினையே வெளியிடவில்லை. அந்த ஆண்டை வாங்கினால் சுவைத்துப் பார்த்துவிட்டு வாங்குங்கள்.

2. முழுச் செலவைக் கணக்கிட்ட பிறகு வாங்குங்கள்

மூன்று வழிகள் இருக்கின்றன. புதிதாக வாங்கி நீங்களே வைப்பது. ஆலை தன் நிலவறையில் வைத்திருந்து பிறகு விற்கும் பழைய இருப்பை வாங்குவது. ஏலத்திலோ பழைய ஒயின் விற்கும் கடையிலோ வாங்குவது.

ஆலையின் பழைய இருப்பு விலை அதிகம். ஆனால் அந்தப் பாட்டில் பிறந்த இடத்தைவிட்டு நகரவே இல்லை. முதல் பழைய பாட்டிலை இந்த வழியில் வாங்குங்கள். சரியாகக் காத்த ஒயின் எப்படி இருக்கும் என்பது நாக்குக்கு ஒருமுறை தெரிந்துவிட்டால் பிறகு கெட்டதை அடையாளம் காண்பது எளிது.

ஏலத்தில் திரையில் தெரியும் தொகை உங்கள் செலவு அல்ல. 100 டாலருக்கு ஏலம் முடிந்தது என்று வையுங்கள். வாங்குவோர் கட்டணம் 20 சதவீதம் சேர்ந்தால் 120. விற்பனை வரி சுமார் 10 சதவீதம் சேர்ந்தால் 132. கூரியர் கட்டணமும் காப்பீடும் சேர்ந்து 150-ஐ ஒட்டி வந்து நிற்கும். உங்கள் உச்ச விலை 100 என்றால் ஏலத்தில் 60-ல் நிறுத்திக்கொள்ளுங்கள். நான் இதைத் தாளில் எழுதி வைத்துக்கொண்டுதான் ஏலத்துக்குள் போவேன்.

தெரிந்தவர் வீடு மாற்றுகிறார், நிலவறையைக் காலி செய்கிறார், ரொக்கமாகக் கொடுத்தால் போதும் என்று யாராவது சொன்னால் விலகிக்கொள்ளுங்கள். கலிபோர்னியாவில் உரிமம் இல்லாத தனிநபர் ஒயின் விற்க முடியாது. அவர் உரிமம் பெற்ற ஏல நிறுவனத்திடமோ கடையிடமோ ஒப்படைத்து விற்க வேண்டும்.

3. காகிதங்களையும் படங்களையும் கேட்டு வாங்குங்கள்

இந்தப் படியில் அவசரப்படாதீர்கள். நான் இரண்டாவது முறை ஏமாந்தது இங்கேதான். 1987-ஆம் ஆண்டு கேபர்னே ஒன்றை லேபிள் படம் மட்டும் பார்த்து ஏலத்தில் எடுத்தேன். வந்து சேர்ந்தபோது ஒயின் மட்டம் பாட்டிலின் தோளுக்குப் பாதி கீழே இறங்கியிருந்தது. தக்கை உள்ளே அமுங்கியிருந்தது. திறந்ததும் வினிகர் நெடி. திருப்பித் தர வழியில்லை. இருக்கிற நிலையில்தான் விற்கிறோம் என்று விதிமுறையில் எழுதியிருந்தது, நான் படிக்காமல் விட்டிருந்தேன்.

விற்பவரிடம் எழுத்தில் கேட்க வேண்டியவை இவை. முதலில் வாங்கியவர் யார் வழியாக வாங்கினார், ஆலையிடம் நேரடியாகவா, கடையிலா? எத்தனை கை மாறியது? எந்த ஊரில், எப்படிப்பட்ட இடத்தில் இருந்தது? ஆலையின் ரசீது இருக்கிறதா? சேமிப்புக் கிடங்கில் இருந்திருந்தால் மாதக் கட்டண ரசீதோ கிடங்கின் கடிதமோ இருக்கிறதா? "குளிர்ச்சியான இடத்தில் வைத்திருந்தோம்" என்பது பதில் ஆகாது. கொட்டகை குளிர்ச்சியாக இருந்தது என்று நானும்தான் நம்பினேன்.

படங்களில் நான்கு வேண்டும். முதலாவது, பின்னால் விளக்கு வைத்து எடுத்த ஒயின் மட்டம். முப்பது ஆண்டுப் பாட்டிலில் மட்டம் கழுத்தின் அடியிலோ தோளின் உச்சியிலோ இருந்தால் கவலையில்லை. தோளின் நடுவுக்கு வந்துவிட்டால் நான் தொடுவதில்லை. பத்து ஆண்டுப் பாட்டிலில் மட்டம் கழுத்துக்குள்ளேயே இருக்க வேண்டும். இரண்டாவது, தக்கையின் மேற்பகுதி. மேலுறை உப்பியிருந்தால் சூடு பட்டிருக்கிறது. மூன்றாவது, கழுத்தில் கசிந்த தடம் உண்டா என்று காட்டும் படம். நான்காவது, லேபிளின் முன்னும் பின்னும். லேபிளில் கறையோ சிறிது பூஞ்சைத் தடமோ இருந்தால் பயப்பட வேண்டாம். ஈரப்பதம் உள்ள நல்ல நிலவறையிலிருந்து வந்ததற்கு அது அறிகுறியாகவும் இருக்கலாம்.

கையில் பாட்டில் கிடைக்கும் இடமாக இருந்தால் மேலுறையை இரண்டு விரலால் மெல்லத் திருகுங்கள். சுழன்றால் கசிவு இல்லை என்று ஓரளவு நம்பலாம். சுழலாவிட்டால் கசிந்து ஒட்டியிருக்கலாம், இறுக்கமாகப் போடப்பட்ட உறையாகவும் இருக்கலாம். மற்ற அறிகுறிகளோடு சேர்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

4. வைக்கும் இடம்

13 டிகிரி செல்சியஸ், அதாவது 55 ஃபாரன்ஹீட், ஈரப்பதம் 60 முதல் 70 சதவீதம், இருட்டு, பாட்டில் படுத்த நிலை. இவை எல்லோரும் சொல்வது, சரியானதும்கூட. ஆனால் எண்ணைவிட நிலைத்தன்மை முக்கியம். ஆண்டு முழுவதும் 18 டிகிரியில் அசையாமல் இருக்கும் அறை, பகலில் 25-க்கும் இரவில் 12-க்கும் அலையும் அறையைவிட நல்லது. சூடும் குளிரும் மாறி மாறி வந்தால் ஒயின் விரிந்து சுருங்கும். தக்கை பம்பைப்போல் வேலை செய்து காற்றை உள்ளே இழுக்கும்.

கலிபோர்னியா வீடுகளில் நிலவறை அரிது. எனவே உங்கள் முன் மூன்று வழிகள்தான்.

வீட்டின் நடுவில், வெளிச்சுவர் இல்லாத அலமாரியின் தரைத்தட்டு முதலாவது. செலவில்லை. ஒரு சிறு வெப்பமானியை உள்ளே வைத்து, ஆகஸ்டிலும் செப்டம்பரிலும் அது எவ்வளவு காட்டுகிறது என்று எழுதி வையுங்கள். 21 டிகிரியைத் தாண்டாவிட்டால் இரண்டு மூன்று ஆண்டுகள் வைக்கலாம். அதற்கு மேல் வேண்டாம்.

இரண்டாவது ஒயின் குளிர்பெட்டி. நான் வாங்கியது 46 பாட்டில் பெட்டி, 600 டாலர் ஆனது. அந்த 46 என்பது ஒல்லியான கேபர்னே பாட்டிலுக்கான கணக்கு. பருத்த பினோ நுவார் பாட்டில்கள் கலந்ததும் 34-தான் பிடித்தது. பெட்டியைக் கொட்டகையில் வைக்காதீர்கள். சிறிய பெட்டிகள் பெரும்பாலும் வீட்டுக்குள் வைப்பதற்காகச் செய்யப்பட்டவை. நூறு டிகிரி ஃபாரன்ஹீட் வெயிலில் அவற்றால் குளிர்விக்க முடியாது. தீ அபாயக் காலத்தில் மின்சாரத்தை முன்னறிவித்து நிறுத்துவார்கள். அப்போது கதவைத் திறக்காமல் விட்டால் பாட்டில்கள் நிறைந்த பெட்டி மெதுவாகத்தான் சூடேறும். சமையலறைக் குளிர்பெட்டி சில வாரங்களுக்குப் பரவாயில்லை. ஆண்டுக்கணக்கில் வைத்தால் வறண்ட காற்றில் தக்கை உலர்ந்துவிடும்.

மூன்றாவது ஒயின் சேமிப்புக் கிடங்கில் லாக்கர். என் லாக்கருக்கு மாத வாடகை 30 டாலர். ஆண்டுக்கு 360. ஒன்பது பெட்டிகள், அதாவது 108 பாட்டில் பிடிக்கும். நிறைத்தால் ஒரு பாட்டிலுக்கு ஆண்டுக்கு மூன்று டாலரும் சில்லறையும். இருபது பாட்டிலுக்காக எடுத்தால் ஒன்றுக்கு 18 டாலர். பதினைந்து ஆண்டில் 270. அந்தப் பணத்துக்கு ஆலையிடமே பழைய பாட்டில் வாங்கிவிடலாம். நானும் இரண்டு நண்பர்களும் சேர்ந்து ஒரே லாக்கரை எடுத்திருக்கிறோம். சேருமுன் கிடங்கிடம் மூன்றைக் கேளுங்கள்: மின்சாரம் போனால் மாற்று இயந்திரம் உண்டா, வெப்பநிலைப் பதிவைக் காட்டுவார்களா, காப்பீடு யார் பொறுப்பு.

இன்னொன்று, இந்த மண்ணுக்கே உரியது. 2014 ஆகஸ்ட் 24 அதிகாலையில் நாபாவில் 6.0 அளவு நிலநடுக்கம் வந்தபோது ஆலைகளில் பீப்பாய்களும் பாட்டில்களும் சரிந்தன. உங்கள் அடுக்கை நெஞ்சுயரத்துக்கு மேல் கட்டாதீர்கள். சுவருக்குள் இருக்கும் மரச்சட்டத்தில் திருகாணி போட்டுப் பிணையுங்கள். வெறும் சுவர்ப்பலகையில் அடித்த ஆணி நிற்காது.

5. கோடையில் வரவழைக்காதீர்கள்

மே கடைசி முதல் அக்டோபர் பாதிவரை எதையும் கூரியரில் வரவழைக்க வேண்டாம். சாக்ரமென்டோ சமவெளி வழியாக வரும் லாரிக்குள் என்ன வெயில் என்பது உங்களுக்கே தெரியும். கேட்டால் பல ஆலைகளும் சில ஏல நிறுவனங்களும் குளிர்காலம் வரை கட்டணமில்லாமல் பிடித்து வைப்பார்கள். அதை மின்னஞ்சலில் உறுதி செய்துகொள்ளுங்கள். ஒப்படைக்கும்போது 21 வயது நிரம்பியவர் கையெழுத்திட வேண்டும். வீட்டில் ஆள் இல்லாவிட்டால் பெட்டி மீண்டும் லாரியிலேயே சுற்றும். அலுவலக முகவரியோ கூரியர் மையமோ நல்லது. வந்து சேர்ந்த பழைய பாட்டிலை இரண்டு மூன்று வாரம் அசைக்காமல் விட்டுவிடுங்கள்.

6. பதிவேடும் காப்பீடும்

வாங்கிய நாள், விலை, யாரிடம், எந்தத் தட்டு, எப்போது திறக்கலாம். இந்த ஐந்தை ஒரு விரிதாளில் எழுதினால் போதும். ரசீதுகளைப் படமெடுத்து அதே இடத்தில் வையுங்கள்; நாளை நீங்கள் விற்க நேர்ந்தால் வாங்குபவர் கேட்கப்போவதும் இந்தக் காகிதங்களைத்தான். சேகரிப்பு சில ஆயிரம் டாலரைத் தாண்டியதும் வீட்டுக் காப்பீட்டு நிறுவனத்திடம் ஒயின் அதில் அடங்குமா, வெப்பத்தால் கெட்டால் ஈடு உண்டா என்று எழுதிக் கேளுங்கள்.

7. ஒரே ஒயினில் ஒன்றுக்கு மேல் வாங்குங்கள்

ஆறு வெவ்வேறு பாட்டிலைவிட ஒரே ஒயினில் ஆறு மேல். முடியாவிட்டால் மூன்று. அறுவடை ஆண்டிலிருந்து எட்டாம் ஆண்டில் ஒன்று, பன்னிரண்டில் ஒன்று, பிறகு உங்கள் நாக்கு சொல்லும் காலத்தில் மற்றவை. நல்ல மலைக் கேபர்னே பன்னிரண்டிலிருந்து இருபத்தைந்துவரை அழகாக இருக்கும். டன் போன்ற முரட்டு ஒயினுக்கு அதற்கு மேலும் பொறுமை வேண்டும். இரட்டை அளவான 1.5 லிட்டர் பாட்டில் மெதுவாக முதிரும். எல்லோருக்கும் பழைய ஒயின் பிடிக்கும் என்பதும் இல்லை. புதுப்பழச் சுவையை விரும்புபவர் எட்டாம் ஆண்டோடு நிறுத்திக்கொள்ளலாம். அதில் குறையொன்றும் இல்லை.

8. திறக்கும் நாள்

ஞாயிறு மாலை குடிப்பதாக இருந்தால் வியாழனன்றே பாட்டிலை நிமிர்த்தி வையுங்கள். கசடு அடிக்கு இறங்க அவ்வளவு நேரம் வேண்டும்.

இருபது ஆண்டைத் தாண்டிய தக்கையைச் சாதாரணத் திருகாணியால் இழுத்தால் பாதி கையோடு வரும், பாதி உள்ளே நிற்கும். இரண்டு மெல்லிய தகட்டுக் கால்கள் கொண்ட தக்கை எடுப்பான் 15 டாலருக்குக் கிடைக்கும், அதை வாங்கிக்கொள்ளுங்கள். திருகாணியும் இரு கால்களும் சேர்ந்த துரந்த் என்ற கருவி நூறு டாலருக்கு மேல். ஆண்டுக்குப் பத்துப் பழைய பாட்டில் திறப்பவருக்கு அது தகும். தகட்டுக்கால் எடுப்பான் என்றால், நீளமான காலைக் கண்ணாடிக்கும் தக்கைக்கும் நடுவில் முதலில் விட்டு, மற்றதையும் செருகி, இடமும் வலமுமாக அசைத்து அசைத்து இறக்குங்கள். முழுதும் இறங்கியதும் திருகிக்கொண்டே மேலே எடுங்கள். கீழ்நோக்கித் தள்ளினால் தக்கை உள்ளே விழும். விழுந்துவிட்டாலும் ஒயின் கெடாது. நுண்கண் வடிகட்டியில் ஊற்றிக்கொள்ளலாம். தக்கை மேல் கருப்பாகப் பூஞ்சை இருந்தால் ஈரத்துணியால் துடைத்தால் போதும்.

போன கார்த்திகையில் 1994 சாண்டா குரூஸ் மலைக் கேபர்னே ஒன்றைத் திறந்தேன். ஒரே கையில் இருந்தது, ரசீதும் கிடங்குக் கடிதமும் சேர்ந்து வந்தது. தக்கையின் அடி மட்டும் கருஞ்சிவப்பு; மேலே முக்கால் பங்கு காய்ந்து சுத்தமாக இருந்தது. கழுத்துக்குக் கீழே கைப்பேசி விளக்கை வைத்து, கை நிற்காமல் ஒரே ஓட்டமாகக் கண்ணாடிக் குடுவைக்கு மாற்றினேன். ரசத்தைத் தெளிவாக இறுத்து மண்டியைப் பாத்திரத்தில் விடுவோமே, அதே கைப்பக்குவம்தான். கடைசியில் புகை இழைபோல் கசடு கழுத்துக்கு ஏறியது, அங்கே நிறுத்தினேன். அடியில் இரண்டு விரல் உயரம் போனது போகட்டும். கிளாஸில் நடுவில் நாவல்பழச் சாறு நிறம், ஓரத்தில் செங்கல் நிறம். முதல் ஐந்து நிமிடம் மூடிக்கிடந்த அறையின் வாடை. பிறகு உலர்ந்த புகையிலை, தேவதாரு மரம், மழைக்குப் பிந்தைய சருகு என்று ஒவ்வொன்றாக வந்தது. துவர்ப்பு இருந்தது, நாக்கைப் பிடிக்கவில்லை.

அந்த மூடிய வாடை பத்து பதினைந்து நிமிடத்தில் போய்விடும். நனைந்த அட்டைப்பெட்டி வாடை என்றால் போகாது, நேரம் ஆக ஆகக் கூடும்; அது தக்கையால் வந்த கெடுதல். ஆலையிடம் வாங்கியதாக இருந்தால் ரசீதோடு எழுதுங்கள். மாற்றித் தருபவர்களும் உண்டு.

காற்றாட விடும் நேரத்தில் பலர் தவறுகிறார்கள். பத்துப் பதினைந்து ஆண்டு ஒயினுக்கு ஒன்றிரண்டு மணி நேரம் கொடுக்கலாம். இருபத்தைந்தைத் தாண்டியதைக் கசடு நீக்க மட்டும் மாற்றி, உடனே ஊற்றுங்கள். மிகப் பழையது அரைமணியிலேயே மங்கிவிடக்கூடும். பரிமாறும் வெப்பநிலை 16 முதல் 18 டிகிரி.

சாப்பாட்டில் ஒரு கண்டிப்பு: புளிக்குழம்பும் பச்சை மிளகாயும் அன்றைக்கு வேண்டாம். காரம் பட்ட நாக்குக்கு முதிர்ந்த ஒயினின் நுண்மை எட்டாது. மிளகு குறைவாகப் போட்டு மெதுவாக வறுத்த ஆட்டுக்கறி, சைவர்களுக்கு நெய்யில் வதக்கிய காளான், கெட்டியான பாலாடைக்கட்டி ஆகியவை நன்றாகச் சேரும்.

9. உணவகத்துக்குக் கொண்டு போனால்

முன்னதாகத் தொலைபேசியில் கேளுங்கள். திறப்புக் கட்டணம் ஒரு பாட்டிலுக்கு 20 முதல் 50 டாலர் அளவில் இருக்கும். சில இடங்களில் இரண்டு பாட்டிலுக்கு மேல் விடமாட்டார்கள், அவர்கள் பட்டியலில் உள்ள ஒயினைக் கொண்டுவரக் கூடாது என்றும் சொல்வார்கள். குலுங்கும் காரில் கசடு கலங்கும் என்பதால் நான் வீட்டிலேயே கசடு நீக்கி, பாட்டிலைக் கழுவி, ஒயினை அதிலேயே திருப்பி ஊற்றி, தக்கையால் மூடி எடுத்துப் போகிறேன். அப்படித் திறந்த பாட்டிலைக் காரின் பின்பெட்டியில்தான் வைக்க வேண்டும். இருக்கைப் பக்கத்தில் வைத்தால் கலிபோர்னியாச் சட்டப்படி குற்றம். மீதியை வீட்டுக்குக் கொண்டுவரும்போதும் அதே விதி. வண்டி ஓட்டுபவர் யார் என்பதை வீட்டிலிருந்து கிளம்பும் முன்பே முடிவு செய்துவிடுங்கள். மீதம் வந்தால் குளிர்பெட்டியில் வைத்து மறுநாளே முடித்துவிடுங்கள். முப்பது ஆண்டு ஒயின் என்றால் அந்த ஒரு நாளையும் தாங்காது. எத்தனை பேர் குடிக்கப்போகிறோம் என்று எண்ணிவிட்டுத் திறங்கள்.